பாசர் ரேட்டிங் 110-ஐத் தாண்டியும் மூன்றாம் டவுனில் தடுமாறும் குவாட்டர்பேக்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர் குவாட்டர்பேக். அப்படி ஒருவரின் பாசர் ரேட்டிங் (பாஸ் வீச்சுக்கான மதிப்பெண்) 110-ஐத் தாண்டியும், பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதான மூன்றாம் டவுனில் தடுமாறுகிறாரே, அவர் நல்ல ஆட்டக்காரரா என்று கேட்கிறீர்கள். அந்த ரேட்டிங்கை வைத்து அவரை நல்ல குவாட்டர்பேக் என்று முடிவு செய்ய முடியாது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் 1973 முதல் பயன்படுத்தும் இந்தக் கணக்கு, முழுமையடைந்த பாஸ்கள், யார்டுகள், டச்டவுன்கள், இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பிடித்த பாஸ்கள்) ஆகிய நான்கை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பந்தை வீசாமல் நெடுநேரம் வைத்திருந்து வாங்கிய சாக் (வீசும் முன்பே எதிரணியால் வீழ்த்தப்படுவது) அதில் சேர்வதே இல்லை.

எட்டு யார்டு தேவைப்படும் மூன்றாம் டவுனில் மூன்று யார்டுக்கு வீசுவதே நீங்கள் சொல்லும் தடுமாற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம். அதுவும் முழுமையடைந்த பாஸாகவே பதிவாகும். அடுத்து பந்தைப் பன்ட் செய்ய, அதாவது உதைத்து எதிரணியிடம் விட வேண்டியதுதான்.

களத்திலுள்ள அனைவரும் தெரியும் ஆல்-22 காட்சியில் மூன்றாம் டவுன்களை மட்டும் பாருங்கள். பந்து கைவிட்டுப் போகும் கணத்தில் நிறுத்தி, முதல் டவுன் கோட்டுக்கு (தேவையான யார்டுகள் முடியும் இடத்துக்கு) அப்பால் எவரேனும் தடுப்பாரின்றி நின்றாரா என்று கவனியுங்கள். தொலைக்காட்சி ஒளிபரப்பு இதற்குப் பெரும்பாலும் உதவாது.

ஆனால், பயிற்சியாளர் அழைத்த ஆட்டம் நமக்குத் தெரியாது. பாஸைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் தவறான பாதையில் ஓடியிருந்தாலும் பழி குவாட்டர்பேக் மீதே விழும்.