வாசல் கல்லில் 1786: வீட்டின் வயதை எங்கே தேடுவது?

கேள்வி: பிரான்சின் க்ரூஸ் மாவட்டத்தில், ஒரு குக்கிராமத்தில் பழைய கல் வீடு வாங்கியிருக்கிறோம். வாசல் நிலைக்கு மேலுள்ள கல்லில் 1786 என்று செதுக்கியிருக்கிறது. வீடு அவ்வளவு பழையதா? அதில் யார் இருந்தார்கள்?

பதில்: கல்லை மட்டும் நம்பாதீர்கள். இடிந்த வீட்டின் நல்ல கல்லை எடுத்து அடுத்த வீட்டில் வைப்பது அங்கே சாதாரணம். ஆண்டு செதுக்கிய கல்லின் உளித்தடமும் நிறமும் இரண்டு பக்கக் கற்களோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

பலரும் நேரே தேவாலயப் பதிவேட்டுக்குப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். அதில் ஆட்கள் இருப்பார்கள், வீடு இருக்காது. தொடங்க வேண்டிய இடம் 1807 சட்டப்படி வரைந்த நெப்போலியன் காலத்து நில அளவை. கெரே நகரிலுள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் '3 பி' (3 P) வரிசை. முதலில் மொத்த வரைபடத்தில் ஊரைப் பிடித்து, ஏ, பி, சி என்ற பிரிவுத் தாளுக்குப் போங்கள். கட்டடங்கள் இளஞ்சிவப்பில் இருக்கும். உங்கள் வீடு இருக்கும் இடத்தின் புல எண்ணைக் குறித்துக்கொண்டு, பிரிவுப் பட்டியலில் தேடினால் உரிமையாளர் பெயர், பரப்பு, நிலவகை கிடைக்கும். நம்மூர் 'அ' பதிவேடு மாதிரிதான்.

அடுத்து உரிமையாளர் பேரேடு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். நிலம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எதற்குப் போனது என்று இரண்டு பத்திகள் சொல்லும். அதைப் பிடித்தே கைமாறியதைத் தொடரலாம். 1882 முதல் கட்டடங்களுக்குத் தனிப் பேரேடு. 'புதுக் கட்டடம்' என்று ஓர் ஆண்டு போட்டிருந்தால் அதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டு கழியுங்கள். புது வீட்டுக்கு வரி மூன்றாம் ஆண்டில்தான் விழும், பேரேட்டில் ஏறுவதும் அப்போதுதான்.

பெயர் கிடைத்த பிறகு ஆட்களைத் தேடலாம். 1836 முதல் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கு '6 எம்' வரிசையில், வீடு வீடாக இருக்கும். இங்கே ஒரு சொல் ஏமாற்றும்: அந்தப் பக்கத்துப் பதிவேடுகளில் 'வில்லாழ்' என்றால் கொம்யூன் (ஊராட்சி) முழுவதும் அல்ல, அதற்குள் இருக்கும் ஒரு சிற்றூர். தேவாலயம் இருக்கும் நடு ஊருக்கு 'பூர்' என்று பெயர். (கொம்யூன் என்ற சொல் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல.) ஒரே பெயரில் பல சிற்றூர்கள் உண்டு; கொம்யூன் பெயரையும் சேர்த்தே குறியுங்கள்.

பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் 1792 செப்டம்பரில் பங்குக் குருவிடமிருந்து ஊராட்சிக்குப் போயின. 1798 இலையுதிர் காலம் முதல் 1800 வரை திருமணங்கள் கான்டன் (பல கொம்யூன்கள் சேர்ந்த வட்டம்) தலைமையூரில்தான் நடந்தன. சொந்த ஊர்ப் பதிவேட்டில் காணாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஆண்டுகளில்தான் தவிக்கிறார்கள். புரட்சிக்கு முந்தைய மறைமாவட்ட ஆவணங்களுக்குக் கெரே போதாது. ஊர் லிமோஜ் மறைமாவட்டத்தில் இருந்திருந்தால் லிமோஜ் நகரிலுள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தின் 'ஜி' வரிசையைப் பார்க்க வேண்டும்.

க்ரூஸ் என்றாலே கொத்தனார்கள். மார்ச் வாக்கில் பாரிஸ், லியோன் பக்கம் கிளம்பி, குளிர் தொடங்கும்போது திரும்புவார்கள். அதனால் திருமணத்தைத் தேடுகிறவர் ஜனவரி, பிப்ரவரியிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம். வெளியூரில் இறந்தவரின் பதிவு அங்கேதான் முதலில் எழுதப்படும். எங்கே இறந்தார் என்பது பிள்ளைகளின் திருமணப் பதிவில் இருக்கும். பாரிஸ் என்றும் 1860க்கு முன் என்றும் இருந்தால் சிக்கல்: அந்தப் பதிவேடுகள் 1871 தீயில் எரிந்தன, ஒரு பகுதியைத்தான் பின்னர் மீட்டெழுதினார்கள். அப்போது சொந்த ஊர்ப் பக்கத்து வாரிசுரிமைப் பட்டியலைக் கேளுங்கள். 'க்யூ' வரிசையில் இருக்கும், இறந்த தேதியோடு விட்டுச்சென்ற சொத்தும் தெரியவரும். அது காட்டும் வாரிசுரிமை அறிவிப்பில் உங்கள் புல எண்ணும் அகப்படலாம்.