கம்ப்யூட்டர் கேள்வி பதில்: டிஸ்கை மாற்றினால் போதுமா?

"2014-ல் மகன் பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப் இது. அவன் வேலைக்குப் போய்விட்டான், இப்போது கல்லூரிக்குப் போகும் சின்னவள் வைத்திருக்கிறாள். ஆன் செய்துவிட்டு உலை வைத்து அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கடையில் கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். மகன் எஸ்எஸ்டி போடச் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?"
ஒரு தாய், உசிலம்பட்டி

மகன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஸ்க்ரீன், கீபோர்டு, மதர்போர்டு நன்றாக இருக்கிற ஒரு லேப்டாப்பை மெதுவாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் தூக்கிப் போடுவது எனக்கு மனசே ஆகாத காரியம். 2011-ல் தொடங்கிய அந்த அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீட்டில் பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கின்றன, அதில் பலவற்றுக்கு நோய் ஒன்றுதான்: உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்.

அந்த டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது, அதன் மேல் ஒரு சின்னக் கை நகர்ந்து நகர்ந்து எழுதியிருப்பதைப் படிக்கிறது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கை போய், தட்டு சுற்றி வந்து, படிக்கத் தொடங்குவதற்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் மேல் ஆகிவிடும். கேட்க ரொம்பக் கம்மியாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் எழுந்து உட்காரும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்க வேண்டியிருக்கிறதே. தீபாவளிக்கு முந்தின வாரம் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் அத்தனை கூட்டத்துக்கும் ஒரே ஒரு பையன் ஏணியில் ஏறி ஏறிச் சேலை எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும், அதுதான் நடக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் தட்டும் கிடையாது, கையும் கிடையாது, பென்டிரைவில் இருப்பது போல எல்லாமே சிப்தான், எந்தத் துண்டைக் கேட்டாலும் காத்திருக்காமல் வந்துவிடும். உங்கள் லேப்டாப்பில் டிஸ்க் விளக்கு என்று ஒரு சின்ன விளக்கு இருக்கும், ஆன் செய்ததிலிருந்து அது விடாமல் மினுக்கிக்கொண்டே இருந்தால் குற்றவாளி டிஸ்க்தான் என்று நம்பிவிடலாம்.

கடையில் "2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி" என்று கேட்டு வாங்குங்கள், சாட்டா என்பது உங்கள் பழைய டிஸ்க் செருகியிருக்கும் இணைப்பின் வகை. 240 ஜிபி போதும், பாடமும் பிராஜெக்ட்டும்தானே. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், புதுசு 7 மில்லிமீட்டர், அதனால் சிலதில் கொஞ்சம் ஆடும், அப்படியானால் ஒட்டி வைக்கப் பிளாஸ்டிக் சட்டம் கேளுங்கள். மாற்றும் முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும், ஸ்க்ரூக்களை ஒரு டப்பா மூடியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கைச் சுற்றி ஒரு தகரச் சட்டம் இருந்தால் அதைப் புதுசுக்கு மாற்றிப் போட மறக்கக் கூடாது.

அப்புறம், பின்மூடியைத் திறந்த கையோடு ராமையும் (வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) பாருங்கள், இது முக்கியம். 2 ஜிபிதான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி போட்டாலும் நாலு பக்கம் இணையத்தில் திறந்தவுடன் திணறும். 4 அல்லது 8 ஜிபி ஆக்கிவிடுங்கள். பழைய ராமின் ஸ்டிக்கரில் டிடிஆர்3 என்று இருக்கிறதா, டிடிஆர்3எல் என்று இருக்கிறதா என்று பார்த்து அதையே கேட்க வேண்டும், அந்த "எல்" 1.35 வோல்ட்டில் ஓடுவது, அதுதான் வேண்டும் என்று கேட்கிற லேப்டாப்பில் 1.5 வோல்ட் ராமைப் போட்டால் ஆன் ஆகாமல் போகலாம்.

விண்டோஸ் 7 இருந்தால் அதை மறுபடி ஏற்றாதீர்கள், 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு இலவசப் பாதுகாப்பு முடிந்தது, 11 இந்த வயதுள்ள ப்ராசசரை ஏற்பதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், காசு கிடையாது, உங்கள் மகளுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், தமிழ்99 தட்டச்சும் அதில் நன்றாகவே வேலை செய்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், எஸ்எஸ்டி போட்டதால் ப்ராசசர் வேகமாகிவிடாது. பெரிய வீடியோ எடிட்டிங் எல்லாம் அதில் முன்பு போலவேதான் இழுக்கும்.

"கடையில் கணக்கு எல்லாம் டேலியில் இருக்கிறது. 1 டிபி ஹார்டு டிஸ்க், 300 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்துவிடலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது."
பருத்தி வியாபாரி, திருமங்கலம்

பயம் நல்லது அண்ணாச்சி, அது இருக்கட்டும். குளோன் என்றால் பழைய டிஸ்க்கில் இருப்பதை விண்டோஸோடு சேர்த்து அப்படியே புதுசுக்கு நகலெடுப்பது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் நேரமில்லை என்று என் லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தேன், டிஸ்க்கை மாற்றிக் கொடுங்கள், உள்ளே இருப்பதை அப்படியே ஏற்றுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பி வரும்போது வேகமாக இருந்தது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டால் அதை ஃபார்மேட் செய்து வேறு ஒருவருக்குப் போட்டுவிட்டார்கள். என் அப்பா கடைசி வருஷத்தில் பேசிய குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன, வேறு எங்கும் நகல் வைக்கவில்லை. இன்றைக்கும் அது நினைவுக்கு வந்தால் அன்று சாப்பாடு இறங்காது. அதனால் யார் டிஸ்க் மாற்றுவதைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, பழைய டிஸ்க்கை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஒரு மாதமாவது அதைத் தொடாமல் வையுங்கள்.

முதலில் டேலி டேட்டா ஃபோல்டரை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நீல நிறத்தில் நல்லது என்று காட்டினால் தாராளமாகக் குளோன் செய்யலாம். மஞ்சளோ சிவப்போ காட்டினால் குளோனை மறந்துவிட்டு, முக்கியமான கோப்புகளை மட்டும் உடனே வெளியே எடுத்துவிட்டுப் புது எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகவே ஏற்றுங்கள், ஏனென்றால் சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுசாக ஒருமுறை படிக்க வைப்பதே அதற்குக் கடைசி அடியாகிவிடும்.

1 டிபியிலிருந்து 500 ஜிபிக்குக் குளோன் ஆகும், நிரம்பியிருக்கும் அளவு புதுசில் அடங்கினால் சரி. ஆனால் எல்லா மென்பொருளும் சின்ன டிஸ்க்குக்கு மாற்றித் தராது, எஸ்எஸ்டி கம்பெனிகள் சில கூடவே கொடுக்கும் மென்பொருள் இருந்தால் அதைப் பயன்படுத்துவது லேசு. ராத்திரி கடை அடைத்தபின் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள், நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

"கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோ. என் கம்ப்யூட்டர் 2012-ல் அசெம்பிள் செய்தது. என்விஎம்இ எஸ்எஸ்டி ஏழு மடங்கு வேகம் என்று வாங்கிவிட்டேன், செருக இடமே இல்லை. என்ன செய்ய?"
புகைப்படக்காரர், மேலூர்

முடிந்தால் திருப்பிக் கொடுத்து சாட்டா எஸ்எஸ்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். என்விஎம்இ என்பது சாட்டாவைவிட வேகமான இணைப்பு வகை, அது எம்.2 என்ற வாயில் செருகுவது. எம்.2 என்பது அந்தச் செருகும் வாயின் பெயர்தான், அதில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு, 2012 மதர்போர்டுகளில் பொதுவாக அந்த வாயே கிடையாது. ஒரு அடாப்டர் கார்டு போட்டு என்விஎம்இயை ஓட்டலாம், ஆனால் அந்தக் காலத்து பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) பொதுவாக அதிலிருந்து விண்டோஸை எழுப்பாது. சாட்டா நொடிக்கு 550 எம்பி தரும், நீங்கள் வாங்கியது 3500 எம்பி தருவதாக இருக்கும், கணக்குப்படி ஏழு இல்லை, ஆறு மடங்குக்குச் சற்று மேல்தான், ஆனாலும் ஃபோட்டோஷாப் திறப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எதற்கு மாறினாலும் அதுதான் உண்மையான தாவல்.

உங்களுக்கு இன்னொன்று. இந்த முகூர்த்தத்து வேலை மட்டும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், முடிந்த கல்யாணங்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி இரண்டு நகல் வையுங்கள். எஸ்எஸ்டி சிப்பில் மின்னூட்டமாகத்தான் எல்லாம் இருக்கிறது, கரண்டே காட்டாமல் சூட்டில் வருஷக்கணக்கில் பீரோவில் போட்டுவைத்தால் மெல்ல மெல்லக் கசிந்துபோகும், நம் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். அதோடு எஸ்எஸ்டி போனால் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஒரே நாளில் போகும், ஹார்டு டிஸ்க் மாதிரி டக் டக் என்று முன்கூட்டிச் சொல்லாது. ஊரான் வீட்டுக் கல்யாணம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

"இணையத்தில் 4 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?"
மாணவர், நாகமலை

வேண்டாம் தம்பி. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து 4 டிபி என்று பொய் காட்டச் செய்திருப்பார்கள், உண்மையான அளவு தாண்டியவுடன் போட்டதெல்லாம் அழிந்துபோகும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு, தவறு என்று வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

"எஸ்எஸ்டியை மாதாமாதம் டிஃப்ராக் செய்ய வேண்டுமா?"
வாசகி, வாடிப்பட்டி

செய்யக் கூடாது. டிஃப்ராக் என்பது சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது, எஸ்எஸ்டியில் நகரும் கையே இல்லாததால் அடுக்கி வைப்பதில் லாபம் கிடையாது, வீணாக எழுதித் தேய்வதுதான் மிச்சம். அதற்கு வேண்டியதை, அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வதை, விண்டோஸே டிரிம் என்று தானாகச் செய்துகொள்கிறது. பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள், அது போதும்.