கேள்வி மூட்டை: மொபைல்ல படிப்பு ஏறுதா?

போன இதழ்ல "ஆன்லைன் படிப்பு, மொபைல் படிப்பு பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு ஒரு வரி போட்டாலும் போட்டோம், கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் இடம் இல்ல. ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு சேர்த்து ஒரே பதில், கோச்சுக்காதீங்க.

கே: எஜுகேஷன்ல பிஎச்.டி. பண்றேன். காலேஜ் பசங்க இ-லேர்னிங்க ஏத்துக்கறாங்களாங்கறது டாபிக். 'டாம் மாடல் வெச்சுக்கோ, கூகுள் ஃபார்ம் அனுப்பு, 300 பேர் ஃபில் பண்ணா முடிஞ்சது'ங்கறார் கைடு. போதுமா சார்? (ஆய்வு மாணவி, திருச்சி)

பட்டம் வாங்கப் போதும்மா, விஷயம் தெரிஞ்சுக்கப் போதாது.

மத்தவங்களுக்காக முதல்ல டாம்னா என்னன்னு சொல்லிடறேன். டெக்னாலஜி அக்செப்டன்ஸ் மாடல். ஃப்ரெட் டேவிஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1989ல எழுதின கட்டுரைல பிரபலமாச்சு. புதுசா வர்ற ஒரு டெக்னாலஜிய ஒருத்தர் யூஸ் பண்ணுவாரா மாட்டாரான்னு தெரியணுமா, ரெண்டே விஷயம் கேளுங்கறார். இதனால எனக்கு பிரயோஜனம்னு நினைக்கிறாரா? இத கஷ்டப்படாம கத்துக்கலாம்னு நினைக்கிறாரா? அவ்ளோதான். இவ்ளோ சிம்பிளா இருந்தா யார் விடுவாங்க, உலகம் பூரா பிடிச்சுக்கிட்டாங்க, நம்ம ஊர்ல எம்.பி.ஏ.லேர்ந்து பி.எட். வரைக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட தொறந்தா இந்த ரெண்டு அம்புக்குறி படம்தான்.

ஆனா டேவிஸ் இத யார்கிட்ட சோதிச்சுப் பார்த்தார்னு பாருங்க. கனடாவுல டொரன்டோ ஐபிஎம் லேப்ல வேலை பார்த்த 112 பேர், அப்புறம் பாஸ்டன்ல எம்.பி.ஏ. படிச்ச 40 பேர். ஐபிஎம்காரங்க யூஸ் பண்ணினது ஆபீஸ் ஈமெயிலும் ஒரு ஃபைல் எடிட்டரும். அவங்க டேபிள்ல கம்ப்யூட்டர் ஏற்கனவே இருக்கு. நெட் பேக் தீர்ந்து போறது, அண்ணன் போனைத் தூக்கிட்டு வேலைக்குப் போயிடறது, மாடில ஏறி நின்னாதான் சிக்னல் வர்றது, இதெல்லாம் அந்த மாடல் பொறந்த இடத்துல பிரச்சனையே இல்ல. இந்த ஓட்டை பின்னாடி தெரிஞ்சுதான் 2003ல விஸ்வநாத் வெங்கடேஷ், அதே டேவிஸ் எல்லாம் சேர்ந்து யூட்டாட்னு இன்னொரு மாடல் கொண்டு வந்தாங்க. சுத்தி இருக்கறவங்க என்ன சொல்றாங்க, அதுக்கு வேண்டிய வசதி இருக்கா, இந்த ரெண்டும் அதுல வந்துடுச்சு. நீங்க மாடல்தான் வெச்சாகணும்னா அந்த 'வசதி இருக்கா'ங்கறதுல போய் உட்காருங்க, நம்ம ஊர் கதை பூரா அங்கதான் இருக்கு.

அடுத்தது அந்த கூகுள் ஃபார்ம். இ-லேர்னிங் உனக்கு ஒத்து வருதான்னு கேக்கற ஃபார்மை நெட் வழியாவே அனுப்பறீங்க. நெட்டே இல்லாதவன் எப்படிம்மா 'எனக்கு நெட் இல்ல'ன்னு உங்களுக்கு டிக் அடிப்பான்? உங்க 300 பேரும் ஏற்கனவே கரை ஏறினவங்க. அதுலயும் லிங்க்க க்ளாஸ் குரூப்ல போடறது ப்ரொஃபசர், 'முழுமையாக ஏற்கிறேன்'ங்கற பட்டனத் தவிர வேற எதையாவது பசங்க அமுக்குவாங்களா, இன்டர்னல் மார்க் யார் கையில இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா? அதோட 'யூஸ் பண்ணுவேன்'னு சொல்றது வேற, யூஸ் பண்றது வேற. என்னைக் கேட்டா நான் கூட நாளைலேர்ந்து வாக்கிங் போவேன்னுதான் ஃபார்ம்ல போடுவேன்.

கைடு மனசு நோகாம ஒரு வழி இருக்கு. ஃபார்மும் அனுப்புங்க. கூடவே காலேஜ் ஆன்லைன் போர்ட்டல்ல லாகின் ஆன கணக்கு பேர் இல்லாம தர முடியுமான்னு அனுமதி கேளுங்க, ஒரு செமஸ்டர்ல எந்த வாரம் எத்தனை பேர் உள்ள வந்தாங்கன்னு பாருங்க (எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மட்டும் கூட்டம் அலைமோதும், பந்தயம் கட்டறேன்). அப்புறம் உள்ளயே வராத பசங்கள்ல ஒரு பதினஞ்சு இருபது பேரை நேர்ல உட்கார வெச்சுப் பேசுங்க. உங்க தீசிஸ்ல படிக்கற மாதிரி ஒரு சேப்டர் இருந்தா அது இதுவாத்தான் இருக்கும்.

கே: ஸ்மார்ட் போர்டு வந்து மாட்டியாச்சு. மேலேர்ந்து 'யூஸ் பண்ணுங்க, போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க'ன்னு ஒரே நெருக்கடி. இதெல்லாம் யூஸ் பண்ணா பிள்ளைங்களுக்கு மார்க் ஏறும்னு எங்கயாவது நிரூபிச்சிருக்காங்களா? (தலைமை ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்)

ஏறியும் இருக்கு, இறங்கியும் இருக்கு சார். ரெண்டும் குஜராத்லயே நடந்திருக்கு, அதான் சுவாரஸ்யம்.

வதோதரா மாநகராட்சிப் பள்ளிகள்ல பிரதம்ங்கற கல்வித் தொண்டு அமைப்பு நாலாம் க்ளாஸ் பிள்ளைங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் கம்ப்யூட்டர்ல கணக்கு விளையாட்டு கொடுத்தாங்க, ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பிள்ளைங்க. இதை ஆராய்ஞ்சவங்கள்ல பின்னாடி 2019ல நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு. 2007ல வந்த அந்தக் கட்டுரைப்படி கணக்கு மார்க் நல்லாவே ஏறிச்சு, ஆனா ப்ரோக்ராம் நின்னு ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ஏறினதுல பெரும்பகுதி கரைஞ்சு போச்சு.

அந்த டீம்லயே இருந்த லீ லிண்டன் தனியா இன்னொண்ணு பண்ணார். ஞான் ஷாலான்னு குஜராத்ல ஒரு என்ஜிஓ நடத்தற பள்ளிகள். சில இடத்துல டீச்சர் க்ளாஸை எடுத்துட்டு அந்த நேரத்துல கம்ப்யூட்டர். சில இடத்துல க்ளாஸ் அப்படியே நடக்கும், முடிஞ்சப்புறம் கூடுதலா கம்ப்யூட்டர். 2008ல ரிசல்ட் வந்துது: க்ளாஸுக்கு பதிலா வெச்ச இடத்துல 0.57 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (பிள்ளைங்க மார்க் ஒருத்தருக்கொருத்தர் எவ்ளோ வித்தியாசப்படுதுங்கறதை வெச்சு அளக்கற அளவு) இறக்கம், கூடுதலா வெச்ச இடத்துல 0.28 ஏத்தம். இந்த மாதிரி ஆராய்ச்சில 0.2 வந்தாலே பெருசா பேசுவாங்கன்னா பார்த்துக்கோங்க. ஒரே சாஃப்ட்வேர்! அந்தப் பள்ளிகள்ல டீச்சர் ஏற்கனவே நல்லா நடத்திட்டிருந்தாங்க, அந்த நல்ல நேரத்தைப் பிடுங்கிட்டு மிஷினைக் கொடுத்தா என்ன ஆகும்.

பெரு நாட்டுல இன்னும் பெரிய கூத்து. பிள்ளைக்கு ஒரு லேப்டாப்னு கிராமத்துப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தாங்க. 319 பள்ளிகள்ல ஆராய்ஞ்சு 2012ல ரிப்போர்ட் வந்தப்ப, கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் மார்க் துளி கூட நகரல. பெரும்பாலான பள்ளிகள்ல நெட் கிடையாது, இத வெச்சு பாடம் எப்படி நடத்தறதுன்னு டீச்சருக்கும் ஒழுங்கா யாரும் சொல்லல.

நல்ல கதையும் ஒண்ணு சொல்லணும்ல. டெல்லில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு சாஃப்ட்வேர். 619 பிள்ளைங்க, குலுக்கல் போட்டு பாதிப் பேருக்கு இலவசமா கொடுத்தாங்க, நாலரை மாசத்துலயே அதே அளவுல கணக்குல 0.37, ஹிந்தில 0.23 ஏறிச்சு. கார்த்திக் முரளிதரன் டீம், 2019ல வெளியானது. அங்க நடந்தது என்னன்னா, ஆறாம் க்ளாஸ்ல உட்கார்ந்திருக்கற பிள்ளை கணக்குல சராசரியா ரெண்டரை க்ளாஸ் பின்தங்கி இருந்துது, சாஃப்ட்வேர் அந்தப் பிள்ளை நிக்கற இடத்துலேர்ந்து கேள்வி கேட்டுது. நாப்பது பேர் இருக்கற க்ளாஸ்ல அத ஒரு டீச்சர் பண்றது முடியற காரியமா சொல்லுங்க. அதுவும் ஸ்கூல் நேரத்துக்கு வெளிய, 45 நிமிஷம் கம்ப்யூட்டர்னா 45 நிமிஷம் ஆள் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கறது.

ஆக உங்க போர்டுல புக்கோட பிடிஎஃப்ப பெருசு பண்ணிக் காட்டினா அது கரும்பலகையோட தம்பி, மார்க் ஒண்ணும் ஏறாது. இதயம் எப்படி சுருங்கி விரியுதுங்கற மாதிரி சாக்பீஸ்ல வரைஞ்சு காட்ட முடியாததுக்கு மட்டும் போடுங்க, நீங்க நல்லா நடத்தற பாடத்துல அதை நுழைய விடாதீங்க. குரூப்புக்கு போட்டோ வேணும்னா வாரம் ஒண்ணு அனுப்பிடுங்க, அது வேற டிபார்ட்மென்ட்.

கே: இனிமே வாத்தியார் வேலைய ஏஐயும் ஆப்பும் பார்த்துக்குமாமே? (பி.எட். முடித்தவர், தேனி)

1913லயே தாமஸ் எடிசன் சொல்லிட்டார், சினிமா வந்தாச்சு, பள்ளிக்கூடத்துல இனிமே புத்தகத்துக்கு வேலை இல்ல, பத்து வருஷத்துல எல்லாம் மாறிடும்னு. நீங்க டெட் எக்ஸாமுக்கு, அதான் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிங்க தம்பி.

கே: ஒன்பதாவது படிக்கிற மகன் 'எல்லாரும் போன்லதான் படிக்கறாங்க, எனக்குன்னு ஒண்ணு வேணும்'னு அடம். வாங்கிக் கொடுத்தா படிப்பானா? (குடும்பத்தலைவி, விருதுநகர்)

'எல்லாரும்'ங்கறான்ல, அந்த எல்லாரும் என்ன பண்றாங்கன்னு கணக்கே இருக்கும்மா. வீடு வீடா போய் கிராமத்துப் பிள்ளைங்களைப் பத்தி எடுக்கற அசர் சர்வே 2024ல, 14லேர்ந்து 16 வயசுப் பிள்ளைங்கள்ல 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் யூஸ் பண்ணத் தெரியும். தெரிஞ்சவங்கள்ல, முந்தின ஒரு வாரத்துல படிப்பு சம்பந்தமா யூஸ் பண்ணினது 57 சதவீதம். சோஷியல் மீடியாவுக்கு 76. ரெண்டையும் பண்றவங்களும் இதுல உண்டு, அதனால உங்க பையன் பொய் சொல்றான்னு சொல்ல வரல, பாதி உண்மை சொல்றான்.

அவனுக்குன்னு தனி போன் வேண்டாம். வீட்டு போன், ஹால்ல, சாயங்காலம் ஒரு நேரம். எந்தப் பாடம், எந்த வீடியோன்னு முதல்லயே அவனே சொல்லட்டும், பார்த்து முடிச்சதும் அதுலேர்ந்து ரெண்டு கணக்கு பேப்பர்ல போட்டுக் காட்டட்டும். நம்ம பாடப்புத்தகத்துலயே க்யூஆர் கோடு போட்டிருக்காங்களே, அதுலேர்ந்தே ஆரம்பிங்க. பாதிப் பேரு அதை ஸ்கேன் பண்ணிக் கூட பார்த்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

கே: மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளமான ஸ்வயம்ல வரிசையா கோர்ஸ் சேர்றேன், ஒண்ணையும் முடிக்கல. எனக்கு மட்டும்தான் இந்த சோம்பேறித்தனமா? (வங்கி ஊழியர், கோவை)

நீங்க பெரும்பான்மைல இருக்கீங்க சார், தைரியமா இருங்க. எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்தற ஆன்லைன் கோர்ஸ்களை ஆராய்ஞ்சு 2019ல ஒரு கட்டுரை வந்துது. 2017-18ல சேர்ந்தவங்கள்ல முடிச்சது 3.13 சதவீதம்! பேர் கொடுத்தவங்கள்ல பாதிப் பேர் உள்ள எட்டியே பார்க்கல. ஆனா சர்டிஃபிகேட்டுக்கு காசு கட்டினவங்களை மட்டும் எடுத்தா 46 சதவீதம் பேர் முடிச்சிருக்காங்க. முடிக்கணும்னு நினைக்கறவன்தான் காசு கட்டுவான், அதனால பூரா காசோட மகிமைன்னு சொல்ல முடியாது, இருந்தாலும் போட்ட பணம் கொஞ்சம் உறுத்தும்ல. ஸ்வயம்ல படிக்கறது இலவசம், சர்டிஃபிகேட் பரிட்சைக்குத்தான் ஃபீஸ். அடுத்த தடவ ஒரே ஒரு கோர்ஸ் எடுங்க, பரிட்சைக்கு ஃபீஸ் கட்டிடுங்க, அப்புறம் பாருங்க.

கே: கொரோனாவுக்கப்புறம் இல்லம் தேடிக் கல்வில தன்னார்வலரா இருந்தேன். போனும் டிவியும் பண்ணாததை நாங்க என்னத்தப் பண்ணிட்டோம்னு வீட்டுல கிண்டல். உண்மையிலயே ஏதாவது பலன் இருந்துதா? (நாகப்பட்டினம்)

வீட்டுல இந்தப் பக்கத்தைக் காட்டுங்கம்மா. தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல கிட்டத்தட்ட 19,000 பிள்ளைங்களை வெச்சு அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூணு பேரும் பண்ணின ஆராய்ச்சி இருக்கு. 2021 டிசம்பர்ல பிள்ளைங்க எவ்வளவு பின்தங்கி இருந்தாங்களோ, பள்ளி தொறந்து ஆறு மாசத்துல அதுல மூணுல ரெண்டு பங்கு மீண்டுடுச்சு. அந்த மீட்சில 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்குப் போட்டிருக்காங்க. மாசம் ஆயிரம் ரூபா வாங்கிட்டு சாயங்காலம் திண்ணைல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவங்களோட பங்கு அது. ஒன்றரை வருஷம் எந்த ஆப்பு எந்த சேனல்னு அலைஞ்சோம், பள்ளிக்கூடமும் பக்கத்து வீட்டு அக்காவும்தான் பிள்ளைங்களைத் தூக்கி விட்டாங்க. எனக்கு டெக்னாலஜி மேல கோவம் இல்ல, ஆனா பட்ஜெட் போடறவங்க இந்த 24ஐ ஞாபகம் வெச்சா நல்லாருக்கும்.

கே: என்கிட்ட இருக்கறது பட்டன் போன். பேரன் வெளியூர்ல மூணாவது படிக்கிறான். ஸ்மார்ட்போன் இல்லாத தாத்தாவால இந்தக் காலத்துல ஒண்ணும் பண்ண முடியாதா? (ஓய்வு பெற்ற தபால்காரர், புதுக்கோட்டை)

ஐயா, உங்க போன்தான் இந்த இதழோட ஹீரோ. 2020ல கொரோனாவுல பள்ளி மூடினப்ப ஆப்பிரிக்காவுல போட்ஸ்வானாவுல 4,500 குடும்பங்கள்ல ஒரு சோதனை நடந்துது. சில வீட்டுக்கு வாரா வாரம் எஸ்எம்எஸ்ல கணக்கு மட்டும் போகும். சில வீட்டுக்கு எஸ்எம்எஸ்ஸோட ஒருத்தர் போனும் பண்ணுவார், பதினஞ்சு இருபது நிமிஷம், அம்மாவையோ அப்பாவையோ கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடச் சொல்லி, பிள்ளைகிட்ட அந்தக் கணக்கைப் பேசிப் பேசிப் போட வைப்பார். வெறும் எஸ்எம்எஸ் போன வீட்டுல சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்ல. போன் வந்த வீட்டுல பிள்ளைங்க கணக்குல முன்னேறினாங்க. அப்புறம் இதையே இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ்னு அஞ்சு நாட்டுல பண்ணிப் பார்த்தாங்க, அங்கயும் பலன் கிடைச்சுது.

ஞாயித்துக்கிழமை காலைல பேரனைக் கூப்பிடுங்க. மூணு இலக்கக் கூட்டல்லேர்ந்து ஆரம்பிங்க. விடை வரலன்னா கழட்டி விட்டுட்டு ரெண்டு இலக்கத்துக்கு இறங்கி வாங்க, வந்துட்டா பெருக்கலுக்குப் போங்க. மணியார்டர் கணக்கு பார்த்த கை உங்களுது, இது என்ன பெரிய விஷயம். அவங்க அப்பாகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க, அந்த இருபது நிமிஷம் போன் பையன் கையில இருக்கணும்னு.