கிட்டார் வாங்கப் போகிறீர்களா? மூன்று ஏடிஎம் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள்

இசைக்கருவிக் கடை ஒன்றின் பழுதுபார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். மேடையில் வாசிப்பவன் இல்லை. அதனால் "பெரிய கலைஞனாவது எப்படி" என்பதைத் தவிர வேறு எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: அண்ணா, அக்கூஸ்டிக்கா, கிளாசிக்கலா, எலெக்ட்ரிக்கா? எதில் ஆரம்பிப்பது? அக்கூஸ்டிக்கில் கஷ்டப்பட்டால்தான் விரல் பலப்படும் என்கிறார்கள்.

கஷ்டப்படுவதற்காக யாரும் கிட்டார் வாங்க வேண்டாம், தம்பி. எந்த மாதிரிப் பாட்டைக் கேட்டு ஆசை வந்ததோ, அதில் ஒலிக்கும் கிட்டாரையே வாங்குங்கள். ஆசைதான் தினமும் கையில் எடுக்க வைக்கும்.

வித்தியாசம் என்று பார்த்தால், கிளாசிக்கலில் நைலான் தந்தி. விரலுக்கு மென்மை. ஆனால் கழுத்து அகலம். மேல் முனையில் சுமார் 52 மில்லிமீட்டர் இருக்கும். இரும்புத் தந்தி போட்ட அக்கூஸ்டிக்கில் அது 43, 44 மில்லிமீட்டர்தான், ஆனால் தந்தி விரலை அறுக்கும். எலெக்ட்ரிக்கில் தந்தி மெலிது, அழுத்த எளிது. ஆனால் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), கேபிள் என்று செலவு கூடும்.

கேள்வி: எனக்கு வாசிக்கவே தெரியாது. கடையில் ஒரு கிட்டாரைக் கையில் கொடுத்தால் நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் எதிர்பார்த்த கேள்வி. வாசிக்கத் தெரியாமலே முக்கால்வாசி சோதனையை முடித்துவிடலாம்.

முதலில் ஆக்‌ஷன். அதாவது தந்திக்கும், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பியான ஃப்ரெட்டுக்கும் நடுவில் உள்ள உயரம். இது அதிகமானால் ஒவ்வொரு கார்ட்டும் (பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) தண்டனைதான். கழுத்தின் மேல் முனையிலிருந்து எண்ணி 12ஆவது ஃப்ரெட்டின் மேல், தடித்த தந்திக்குக் கீழே ஏடிஎம் கார்டுகளை அடுக்கிச் செருகிப் பாருங்கள். ஒரு கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். எழுத்து புடைத்த பக்கம் வேண்டாம், சமமான பக்கத்தைச் செருகுங்கள். இரும்புத் தந்தி அக்கூஸ்டிக்கில் மூன்று கார்டு கொஞ்சம் இறுக்கமாக நுழைந்தால் நல்ல உயரம். நாலாவதும் தாராளமாகப் போனால் உயரம் அதிகம். எலெக்ட்ரிக் என்றால் இரண்டு கார்டு கணக்கு. கிளாசிக்கல் இயல்பாகவே உயரமாக இருக்கும். அங்கே நாலு கார்டு போனாலும் பயப்பட வேண்டாம்.

அடுத்தது நட். கழுத்தின் மேல் முனையில் தந்திகள் உட்காரும் வெள்ளைப் பட்டை அது. ஒரு தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தலைமுடி நுழைகிற அளவு போதும். கண்ணை உறுத்தும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நட்டைத் தேய்க்கச் சொல்ல வேண்டும்.

பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒரு தட்டு தட்டுங்கள். நேரம் எடுக்கும், பரவாயில்லை. எங்காவது 'ஜ்ர்ர்' என்று அதிர்ந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜுக்கு, அதாவது கிட்டார் உடம்பில் தந்திகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டைக்குப் பின்பக்கம் ஒரு காகிதத் துண்டு நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் பசை விட ஆரம்பித்திருக்கிறது. அந்தக் கிட்டாரை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடைசியாகச் சுருதி. 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தியும் வாசித்துப் பாருங்கள். ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்தில் மேலே போகப் போக எல்லாம் அபசுரமாகத்தான் கேட்கும்.

மரம், பிராண்ட், பளபளப்பு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கேள்வி: இணையத்தில் விலை குறைவு. கடைக்கு ஏன் போக வேண்டும்?

பெட்டியிலிருந்து எடுத்த கிட்டார் அப்படியே வாசிக்கத் தயாராக இருப்பது அபூர்வம். தொழிற்சாலையில் ஆக்‌ஷனைக் கொஞ்சம் உயரமாகத்தான் விட்டு அனுப்புவார்கள். உயரமாக இருந்தால் அதிர்வு பற்றிப் புகார் வராது. அப்புறம் கப்பலிலும் லாரியிலும் வெயில், ஈரம் எல்லாம் பட்டு மரம் அசைந்திருக்கும். அதைச் சரிசெய்வதைத்தான் செட்டப் என்கிறோம்: கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருகுவது, பிரிட்ஜின் மேல் தந்திகள் உட்காரும் எலும்பைத் தேய்ப்பது, நட்டைச் சரிபார்ப்பது. கடையில் விலை பேசும்போது தள்ளுபடி கேட்காதீர்கள், செட்டப் செய்து தரச் சொல்லுங்கள். இணையத்தில்தான் வாங்குவேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் செட்டப் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

என் முதல் கிட்டார் ஒரு பெரிய கடையில் வாங்கியது. உயரம் எக்கச்சக்கம். மூன்று மாதம் என் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நண்பனுடைய கிட்டாரைக் கையில் வாங்கி முதல் கார்ட் பிடித்தபோது வந்த கோபத்தில்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

கேள்வி: நைலான் கிட்டாரில் இரும்புத் தந்தி போடலாமா? சத்தம் நன்றாக வருமே.

கூடாது. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. இரும்புத் தந்திகள் 70 கிலோவைத் தாண்டும். பிரிட்ஜ் பிய்ந்து வரும், கழுத்து வளையும். நானே நாலைந்து பிணங்களைப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: மூன்று வாரமாக விரல் நுனி எரிகிறது. எஃப் கார்ட் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. எனக்கு விரல்கள் வேறு குட்டை. விட்டுவிடலாமா?

எரிச்சல் தோல் தடிக்கும்வரைதான். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்தில் அடங்கிவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிக்காமல், பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எரிச்சல் சரி, ஆனால் மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

எஃப் பற்றி ஒரு சந்தேகம். அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பாருங்கள். அங்கே ஏ கார்ட் வரும். நட்டை ஒட்டிய இடத்தில் எல்லாருக்குமே கொஞ்சம் கடினம்தான். ஆனால் ஐந்தாவதில் சுலபமாக வந்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் உயிர் போகிறது என்றால், குற்றவாளி நட்டாக இருக்கலாம். மேலே சொன்ன மூன்றாவது ஃப்ரெட் சோதனையைச் செய்யுங்கள். தந்தியையும் மாற்றிப் பார்க்கலாம்: புது அக்கூஸ்டிக்கில் பெரும்பாலும் 12ஆம் எண் செட்தான் (எண் குறைந்தால் தந்தி மெலிது) இருக்கும், அதைக் கழற்றிவிட்டு 10ஆம் எண் போடுங்கள். சத்தம் கொஞ்சம் மெலியும், கை நிம்மதியாகும்.

குட்டை விரலா? ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1928இல் தீ விபத்தில் சிக்கி இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிப்போனவர். மீதி இரண்டு விரலால்தான் அவருடைய தனி வாசிப்புகள் எல்லாம்.

கேள்வி: எனக்கு 54 வயது. இனிமேல் முடியுமா, சார்?

முடியும் அம்மா. என் அனுபவத்தில், பிள்ளைகளை விட உங்கள் வயதுக்காரர்கள்தான் சொன்னதைக் கேட்டுச் செய்கிறார்கள். மூட்டு வலி இருந்தால் நைலான் பக்கம் போங்கள்.

கேள்வி: புதுத் தந்தி போட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி இறங்குகிறது. கிட்டாரில் கோளாறா?

புதுத் தந்தி இழுபட்டு நிலைக்க நேரமாகும். ஒவ்வொன்றையும் கையால் மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள். நாலைந்து தடவையில் அடங்கும். சுருதி ஏறிப்போனால் நன்றாக இறக்கிவிட்டு, கீழிருந்து ஏற்றி வந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் திருகாணியின் தளர்ச்சியில் மறுபடி நழுவும். ட்யூனரில் 440 (எல்லாரும் சுருதி சேர்க்கும் பொது அளவு) என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். கை தவறி 432க்கு மாற்றிவிட்டு, "யாரோடும் சேர்ந்து வாசிக்க முடியவில்லை" என்று கிட்டாரைப் பழுதுக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

கேள்வி: வீட்டில் வாசிக்க எத்தனை வாட் ஆம்ப்?

பத்து வாட் போதும், அதுவே அதிகம். பத்து வாட்டை நூறாக்கினால் காதுக்குக் கேட்கும் சத்தம் பத்து மடங்காகாது, ஏறக்குறைய இரண்டு மடங்குதான். ஹெட்போன் துளை இருக்கிறதா பாருங்கள், வீட்டில் உள்ளவர்கள் வாழ்த்துவார்கள்.

கேள்வி: நான் இடதுகைக்காரன். வலதுகைக் கிட்டாரைத் திருப்பி வைத்து வாசிக்கலாமா?

ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் செய்தார். ஆனால் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டு. அப்படி மாற்றினால் நட் பள்ளங்களையும் பிரிட்ஜின் சாய்வையும் மாற்ற வேண்டியிருக்கும், வெறும் தந்தியோடு முடியாது. இன்னும் ஆரம்பிக்கவே இல்லையென்றால் வலதுகைக் கிட்டாரை இயல்பாகப் பிடித்து ஒரு வாரம் முயன்று பாருங்கள். எப்படியும் இரண்டு கைக்கும் வேலை உண்டு. ஒத்துவரவில்லையென்றால் இடதுகைக் கிட்டாரே வாங்குங்கள், தேர்வு குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, கடையில் போய் கார்டு செருகி, காகிதம் நுழைத்துப் பார்த்தால் கடைக்காரர் கோபிக்க மாட்டாரா?

நல்ல கடைக்காரர் கார்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டு உள்ளேயிருந்து ஸ்கேலை எடுத்து வருவார். முகம் சுளித்தால், செட்டப் பற்றிக் கேட்டாலும் அதே முகம்தான் கிடைக்கும். அடுத்த கடையைப் பாருங்கள். ஆனால் இடுப்பு பெல்ட்டின் பக்கிளைச் சட்டையால் மூடிக்கொண்டு உட்காருங்கள். கிட்டாரின் முதுகில் கீறல் விழுந்தால் எந்தக் கடைக்காரரும் கோபப்படுவார், அதில் நியாயமும் இருக்கிறது.