'டென்ஷனாலதான் தங்கலையா?' – வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு வயது 29. எட்டு மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். 'நீ டென்ஷன் ஆகுறதாலதான் கரு தங்கமாட்டேங்குது' என்கிறார்கள். அதைக் கேட்டாலே பதற்றம் இன்னும் கூடுகிறது. உண்மையிலேயே நான்தான் காரணமா?

இல்லை. அந்தப் பழியை முதலில் இறக்கி வையுங்கள். செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை பெற்ற 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அலசல் ஒன்று 2011இல் வெளியானது. சிகிச்சைக்கு முன் கவலையும் பதற்றமும் அதிகம் இருந்தவர்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்ததாக அதில் தெரியவில்லை.

அழுத்தம் கெடுக்கிற வழி வேறு. கடுமையான அழுத்தத்தோடு சாப்பாடும் குறைந்து எடை சரிந்தால், மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் தூண்டல் தளர்ந்து, முட்டை வெளிவருவதே நின்றுபோகலாம். அளவுமீறிய உடற்பயிற்சியும் இதைச் செய்யும். அப்போது மாதவிலக்கு தள்ளிப்போகும், அல்லது நின்றுவிடும். அப்படி எதுவும் இல்லாமல் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதென்றால் இந்தப் பயம் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதைவிட எளிமையானது: தூக்கம் கெடுகிறது, எரிச்சல் கூடுகிறது, தாம்பத்தியம் குறைகிறது.

எட்டு மாதம் என்பது தாமதமே இல்லை. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதவிலக்குச் சுழற்சியில் வாய்ப்பு நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். ஒரு வருடத்துக்குள் நூற்றில் எண்பது தம்பதிக்கு மேல் கருத்தரித்துவிடுகிறார்கள். 35 வயதுக்கு உட்பட்டவர்கள் 12 மாதமும், அதைத் தாண்டியவர்கள் 6 மாதமும் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகலாம். சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு மேலாகவோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். விந்துப் பரிசோதனை எளிது; 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும். அதைத் தள்ளிப்போட்டுவிட்டு மனைவிக்கு மட்டும் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பது அநியாயம்.

முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் கிட்டை வைத்து மனைவி பார்த்து 'இன்றுதான் நாள்' என்று சொன்னதும் எனக்கு விறைப்பு வருவதில்லை. மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. அவமானமாக இருக்கிறது.

அவமானப்பட எதுவுமில்லை, குழந்தைக்கு முயற்சி செய்யும் காலத்தில் ஆண்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான். பயம் வரும்போது சுரக்கும் அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. விறைப்புக்கு அவை விரிய வேண்டும். மற்ற நாட்களில் சரியாக இருப்பதே உடலில் கோளாறு இல்லை என்பதற்கு நல்ல அறிகுறி.

ஒரே ஒரு நாளில்தான் எல்லாம் இருக்கிறது என்ற எண்ணமே தவறு. முட்டை அதிகபட்சம் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும். ஆனால் விந்தணு உள்ளே 5 நாள்வரை தாங்கும். ஆக, முட்டை வெளிவரும் நாளையும் சேர்த்து 6 நாள் வாய்ப்பு இருக்கிறது. 28 நாள் சுழற்சியில், மாதவிலக்கு தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணினால், இது ஏறத்தாழ 9ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை. ஓரிரவு தவறினால் மாதமே போய்விடாது.

இரண்டு சுழற்சிகளுக்குக் கிட்டை ஒதுக்கிவையுங்கள். மாதம் முழுக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே அந்த 6 நாளும் தானாக அடங்கிவிடும். கிட் வேண்டும் என்று மனைவி நினைத்தால், அது காட்டும் முடிவை அவரே வைத்துக்கொள்ளட்டும், அறிவிக்க வேண்டாம். வழவழப்புக்காக எதையாவது பூசினால், 'விந்தணுவைப் பாதிக்காது' என்று குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். எச்சிலும் வேண்டாம். விறைப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள். பிற நாட்களிலும் தொல்லை தொடங்கினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

மாதவிலக்கு வரும்வரை உள்ள இரண்டு வாரம்தான் நரகம். மார்பு வலித்தாலே டெஸ்ட் எடுக்கிறேன்.

மார்பு வலி, வயிற்று உப்புசம், சோர்வு எல்லாம் புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் செய்கிற வேலை. கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் அது சுரக்கும். அறிகுறியை வைத்துக் கணிக்கவே முடியாது. கரு கருப்பையில் ஒட்டிய பிறகே டெஸ்டில் தெரியும் எச்.சி.ஜி. ஹார்மோன் உருவாகும் என்பதால், முன்கூட்டி எடுத்தால் கரு தங்கியிருந்தாலும் 'இல்லை' என்றே காட்டக்கூடும். நாள் தள்ளிப்போன அன்று, காலை முதல் சிறுநீரில் எடுங்கள். முட்டை வெளிவர எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால், அந்த மருந்தே பொய்யாக 'ஆம்' காட்டலாம். மருத்துவர் சொன்ன தேதிவரை பொறுங்கள்.

அதுவரை கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்: மாலையில் 15 நிமிடம், தாளில் எழுதி மூடிவிடுவது. படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம். பதற்றம் ஏறும்போது 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள், 5 நிமிடம். வலிந்து பெரிய மூச்சாக இழுத்தால் தலை சுற்றும். இயல்பான அளவே போதும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குழந்தைக்காக நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் சோர்வு திரும்பலாம்; தலைசுற்றல், தூக்கமின்மையும் வரலாம். தொடரக்கூடிய மருந்துகள் உண்டு, மாற்ற வேண்டியவையும் உண்டு. வால்ப்ரோயேட் (வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் மருந்து) இருந்தால் கருத்தரிக்கும் முன்பே அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவர், மகப்பேறு மருத்துவர் இருவரையும் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம் வழக்கமான அளவு. உங்களுக்குக் கூடுதலாகத் தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.