சேற்றைப் படித்தால் சோறு வருமா?

ஐயா, பிளஸ் டூ படிக்கும் மகள் ஏரிச் சேற்றை வைத்துப் பூமியின் பழைய காந்தப்புலத்தைப் படிக்க ஆசைப்படுகிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்கென்று தனிப் பட்டம் தேடாதீர்கள். பி.எஸ்சி. இயற்பியலில் சேருங்கள். நிலவியல்தான் (ஜியாலஜி) வேண்டுமென்றால் திருச்சி நேஷனல் கல்லூரியில் இருக்கிறது. விண்ணப்பத்தில் புவியியலை (ஜியாக்ரஃபி) டிக் செய்துவிடாதீர்கள், அது வேறு பாடம்.

வேலை எப்படிப்பட்டது என்று மகளும் தெரிந்துகொள்ளட்டும். ஏரியடியில் படியும் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமத்தின் துகள்கள் அன்றைய காந்தத் திசைக்குத் திரும்பி நிற்கும்; மேலே வண்டல் ஏறியதும் அப்படியே இறுகிவிடும். அந்தச் சேற்றைக் குழாயில் எடுத்து, நீளவாக்கில் பிளந்து, 2 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டிகளை வரிசையாக அழுத்தி எடுப்பார்கள். பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி உண்டு. 2 மீட்டருக்கு ஏறக்குறைய 90 பெட்டி. ஒவ்வொன்றையும் மாறுதிசைக் காந்தப்புலத்தில் 5, 10, 15 மில்லிடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) என்று ஏற்றி, படிக்குப் படி காந்தத்தை அளக்கும் மேக்னடோமீட்டர் கருவியில் அளக்க வேண்டும். பிற்பாடு ஒட்டிய காந்தம் முதல் சில படிகளில் கழன்றுவிடும். மிஞ்சுவதுதான் பழைய திசை. பத்தே படி என்றாலும் 900 அளவீடு. சேற்றின் வயதை, அதிலுள்ள கரிமப் பொருளை வைத்துக் கணக்கிடும் ரேடியோகார்பன் முறையில் தனியாகப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு திருகலில் பாழாகும்: குழாய் சுழன்றால் வடக்கு எதுவென்று தெரியாது. சேறு காய்ந்தால் துகள் நகரும். காற்றோட்டமில்லாத சேற்றில் கிரெய்கைட் என்ற இன்னொரு காந்தக் கனிமம் பின்னாளில் உருவாகி, தன் காலத்துத் திசையைப் பதித்துவிடும். நம் பக்கம் காந்த ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்பதால், குழாய் 5 டிகிரி சாய்ந்தாலும் கணக்கு தடுமாறும். டெல்டா ஏரிகள் இதற்கு ஆகாது. கோடையில் வெடித்து, மாடு மிதித்து, தூர்வாரி, அடுக்கெல்லாம் கலைந்து கிடக்கும்.

வேலைக்கு வருவோம். நேரடியான இடங்கள் குறைவு: நவி மும்பையில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனமும், திருநெல்வேலியில் அதன் ஆய்வகமும் இருக்கின்றன. இயற்பியலை நான் சொல்வதே அதனால்தான். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் யு.பி.எஸ்.சி.யின் புவி அறிவியலாளர் தேர்வில் புவி இயற்பியலாளர் பணிக்கும் போகலாம். ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி.க்கு இன்னும் ஐந்து ஆண்டு வரை ஆகும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், வீட்டுக்குப் பாரமில்லை.

முதலில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஈரமான வாய்க்கால் ஓரத்தில் அரை மீட்டர் பி.வி.சி. குழாயில் வடக்கைக் குறித்து, நேராக இறக்கி, மேல்வாயைக் கையால் அடைத்துத் திருகாமல் எடுக்கட்டும். நான்கைந்து தடவை சேறு நழுவும். அப்புறமும் சலிக்காமல் இறக்குகிறாளா என்று பாருங்கள்.