7 வயதுப் பையனுக்குக் கீழ்ப்பல் வரிசை முன்னால் நிற்கிறது. இப்போதே காட்ட வேண்டுமா, பல் எல்லாம் விழுந்து முளைத்த பிறகு போதுமா?

இப்போதே காட்டுங்கள். "13 வயசுல கிளிப் போட்டா சரியாயிடும்" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இந்தக் கேள்வியே வந்திருக்கும். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அதைக் கேட்டு மூத்தவன் விஷயத்தில் ஆறு வருஷத்தைக் கோட்டைவிட்டவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலையும் ஒரு ஹார்டுவேர் கடையும் வைத்திருக்கிறேன். தாடை விஷயத்தில் அனுபவம் உண்டு, அவ்வளவுதான். அப்பாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் நிற்கும். எனக்கும் அப்படியே, தாடிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். ஐரோப்பாவில் ஹாப்ஸ்பர்க் ராஜ வம்சத்துக்கே இந்தத் தாடை தலைமுறை தலைமுறையாக வந்ததாம். 1700-ல் இறந்துபோன ஸ்பெயின் ராஜா இரண்டாம் சார்லஸின் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். எங்களுக்கு ராஜ்ஜியம் வரவில்லை, தாடை மட்டும் வந்தது.

மூத்தவனுக்கு 7 வயது இருக்கும்போது ஒரு பல் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்தார். "பால் பல் எல்லாம் விழட்டும், பிறகு பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் செலவு தள்ளிப்போனதில் நிம்மதி, மறுகேள்வி கேட்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய. தெத்துப்பல், எத்துப்பல், பல் சந்து என்றால் பெரும்பாலும் காத்திருப்பதில் தப்பில்லையாம். இது அந்த ரகம் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

2021 டிசம்பரில் அவனுக்கு 13 வயது. கிளிப் போட கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். சின்னவளுக்கு அப்போது 8. அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, மேட்டுப்பாளையத்தில் புரோட்டா வாங்கித் தருவேன் என்று கூடவே வந்தவள். கொரோனா காலம், முகக்கவசத்துக்குள் யார் வாய் எப்படி என்று யாருக்குத் தெரியும்? இவள் தண்ணீர் குடிக்கக் கவசத்தை இறக்கினாள். டாக்டரம்மா பையனின் எக்ஸ்ரேயை அப்படியே வைத்துவிட்டு, "பாப்பா, இங்க வா, பல்லைக் கடி" என்றார்.

கடித்தாள். "இப்ப கீழ்த்தாடையைப் பின்னாடி இழுத்துக் கடி." பின்னால் இழுத்தபோது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனிக்கு நுனி முட்டின. அப்படி முட்டினால் கொஞ்சம் பங்கு கடிக்கும் பழக்கத்தால் வருவது, நல்ல அறிகுறி என்றார். பிறகுதான் விளக்கினார். இந்த மாதிரிக் குழந்தைகளில் நிறையப் பேருக்குக் கீழ்த்தாடை பெரிதாக இருப்பதைவிட மேல்தாடை வளராமல் பின்தங்கியிருப்பதுதான் பிரச்சினை. மேல்தாடை எலும்பின் இணைப்புகள் சின்ன வயதில் இளகலாக இருக்கும், பிடித்து முன்னால் இழுக்கலாம். சுமார் 10 வயதுக்கு மேல் அவை இறுக ஆரம்பிக்கும், இழுத்தாலும் பலன் குறையும். கீழ்த்தாடையோ பையன்களுக்கு 18, 20 வரைகூட வளரும். "சார், பொண்ணுக்கு நாளைக்கே ஆரம்பிக்கலாம். பையனுக்கு வளர்ச்சி நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை.

சின்னவளுக்கு முதலில் மேல்தாடையை விரிக்க அண்ணத்தில் ஒரு திருகு ஒட்டினார்கள். தினம் ராத்திரி அவள் தலையை என் மடியில் வைத்து, மனைவி செல்போன் வெளிச்சம் காட்ட, குண்டூசிக் கனத்தில் இருக்கும் சாவியைத் துளையில் விட்டு, அடுத்த துளை தெரியும் வரை பின்பக்கம் தள்ள வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். கடையில் நாள் முழுக்க நட்டு போல்ட்டு திருகுகிறவன்தான், அங்கே கை நடுங்கியது. பத்து நாளில் மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்தது. மனைவி பயந்துபோய் போன் செய்தாள். "அப்படித்தான் விழணும், தானா சேந்துடும்" என்றார் டாக்டரம்மா. சேர்ந்தது.

அப்புறம் மேல்தாடையை முன்னால் இழுக்க ஃபேஸ் மாஸ்க். நெற்றியில் ஒரு பட்டை, தாடையில் ஒரு பட்டை, நடுவில் செங்குத்தாக ஒரு கம்பி. வாய்க்குள் இருக்கும் கொக்கியிலிருந்து அந்தக் கம்பிக்கு இரண்டு ரப்பர் பேண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம், சாயங்காலத்திலிருந்து காலை வரை 14 மணி நேரம். ஜனவரி உறைபனியில் அந்தக் கம்பி சில்லென்று இருக்கும். சாயங்காலமே மனைவி அதைத் தன் சால்வைக்குள் செருகி வைத்துக்கொள்வாள். தாடைப் பட்டை உரசிச் சிவந்த இடத்துக்கு மல் துணி ஒட்டினோம். காலையில் ரஜாய்க்குள் தேடினால் ரப்பர் பேண்டு கிடைக்கும். எட்டு மாதத்தில் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு வெளியே வந்து உட்கார்ந்தது. அதற்கும் மேல் கொஞ்சம் இழுத்து வைத்தார்கள், வளர வளரக் கீழ்த்தாடை எட்டிப் பிடிக்கப் பார்க்குமே, அதற்காக.

"அழகுக்காகக் குழந்தையை இம்சை பண்ணலாமா" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: என் மூத்தவன் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் சாப்பிடுவதை வந்து பாருங்கள். முன்பல்லில் கடிக்க வராது. கையால் உடைத்துக் கடைவாய்க்குத் தள்ளுவான். முன்பல் நுனியெல்லாம் தேய்ந்திருக்கிறது. "எல்லாம் பணம் பிடுங்கும் வேலை" என்பவர்களுக்கு: எனக்கு மொத்தம் 55,000 ரூபாய் ஆனது, பச்சைத் தேயிலை கிலோ 15 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில். வலி எனக்கும் தெரியும்.

பணத்தைவிட என்னை வதைத்தது ரோடு. 2022 மே மாதம் கொக்கி உடைந்துவிட்டது. ஒட்டவைக்கப் போக வேண்டும். சீசனில் ஊட்டிக்கு ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள். அதாவது ஊட்டியைப் பார்த்து முடித்த அத்தனை வண்டியும் எங்கள் ஊர் வழியாகத்தான் இறங்கும். அரவேணு தாண்டவே ஒரு மணி நேரம். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழத்துக்கு யானை வரும் காலம். அதைப் போட்டோ எடுக்க ஒரு புண்ணியவான் வண்டியை நடுரோட்டில் நிறுத்தினான், பின்னால் நூறு வண்டி. கிளினிக் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை மூன்று வாரம் மாஸ்க் சும்மா ஆணியில் தொங்கியது. 2024-லிருந்து ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். மே மாதம் கோத்தகிரி பஜாரில் நின்று பார்த்துவிட்டு, அதனால் கூட்டம் குறைந்ததா என்று நீங்களே சொல்லுங்கள். மலையில் இருப்பவனுக்கும் பல்வலி வரும் என்று யாருக்காவது தோன்றுகிறதா? சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

உங்கள் பையனைப் பொது பல் டாக்டரிடம் காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல் வரிசையையும் தாடையையும் சரிசெய்வதற்கென்றே உள்ள படிப்பு, அதைப் படித்தவரிடம் காட்டுங்கள். பல் மட்டும் கோணலா, தாடையே அப்படியா என்று நேராகவே கேளுங்கள். பல் மட்டும் என்றால் சின்ன தகடு ஒன்றிலேயே முடிந்துவிடவும் கூடும். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், நான் தாடியைத் தூக்கிக் காட்டினேன்.

ஒரு தடவை செய்தால் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. சின்னவளுக்கு இப்போது 12, இதுவரை மேல்பல் மேலேயே நிற்கிறது. வளர்ச்சி முடியும் வரை வருஷா வருஷம் காட்ட வேண்டும், கீழ்த்தாடை மறுபடி முந்தினாலும் முந்தலாம். மூத்தவனுக்கு 17. வருஷம் ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிடுகிறார்கள். வளர்ச்சி நின்றது தெரிந்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சு. "எனக்கு மட்டும் ஏன்ப்பா அப்பவே கூட்டிட்டுப் போகல?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டான். செலவைப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை, கடைக்குப் போய்விட்டேன்.

அடுத்த எக்ஸ்ரே ஜனவரியில். நல்லவேளை, சீசன் இல்லை.